முகம் சாட்சியாகுமா?



“என்னை நிமிர்ந்து பார்த்துச் சொல்லு!” என்ற கட்டளை ஒலிக்காத வீடு நம்மிடையே அரிது. குசினி அலுமாரியில் வைத்த பணம் குறைந்திருக்கும்; பரீட்சைப் புள்ளி அறிக்கை புத்தகப் பைக்குள் மறைந்திருக்கும்; மாலை வகுப்புக்குச் சென்ற பிள்ளை ஒரு மணி நேரம் பிந்தி வந்திருக்கும். உடனே பிள்ளையின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, கண்களுக்குள் உற்று நோக்கி, அங்கே உண்மை எழுதப்பட்டிருப்பதாக எண்ணி வாசிக்கத் தொடங்குகிறோம். கண் விலகினால் பொய்; குரல் தடுமாறினால் பொய்; கை மூக்கைத் தொட்டால் பொய். இவ்வாறு வாசிப்பதற்குக் கற்றுத்தரும் கைநூல்கள் புத்தகக் கடைகளில் விற்பனையாகின்றன. அவற்றின் சாரம் இன்று காணொளிகளாகக் கைத்தொலைபேசிகளிலும் வந்து சேர்கின்றது. “அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்ற பழமொழி ஏற்கனவே நம் நாவில் இருப்பதால், புதிய கலை எளிதாகவே நம்மிடம் ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் பழமொழியை மறையுரைகளில் பலமுறை எடுத்தாண்டவன் நான். இப்பொழுது எடுத்தாள்வதில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், திருவிவிலியத்தில் முகத்தை வாசித்த ஒரு குருவை உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன்.

சீலோவில் ஆண்டவரின் இல்லம் இருந்த காலம் அது. முதியவரான குரு ஏலி அதன் கதவு நிலையருகே இருக்கையில் அமர்ந்திருக்கிறார். எல்கானாவின் மனைவி அன்னா உள்ளே நின்று மன்றாடிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைப்பேறு அற்றவள் என்று ஆண்டுதோறும் சக்களத்தியின் வாயால் குத்தப்பட்டு, உணவையும் மறுத்து அழுதுவிட்டு வந்தவள். அவள் உள்ளத்துக்குள்ளேயே பேசுகிறாள். உதடுகள் அசைகின்றன, ஓசை எழவில்லை. ஏலி அவளுடைய வாயையே கவனித்துக்கொண்டிருந்தார் என்று சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரம் கூறுகிறது. கவனித்தவர் என்ன முடிவுக்கு வந்தார்? இவள் குடித்திருக்கிறாள் என்ற முடிவுக்கு. அதோடு நிற்கவும் இல்லை. மதுவை விட்டொழிக்கும்படி அவளைக் கடிந்தும் கொண்டார்.

ஏலி கவனக்குறைவானவர் அல்லர் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் நன்றாகவே பார்த்தார். உதடு அசைந்தது உண்மை. ஒலி இல்லாதது உண்மை. முகம் கலங்கியிருந்ததும் உண்மையாகவே இருக்க வேண்டும். பார்த்தவற்றுள் ஒன்றுகூடப் பிழையில்லை. அவற்றுக்கு அவர் சூட்டிய காரணம் மட்டுமே பிழை. திருவிழாக் காலத்தில் உண்டு குடித்துவிட்டு வருவோரைப் பல ஆண்டுகள் கண்டு பழகிய கண்கள் அவருடையவை. பழகிய கண்கள் பழகியதையே கண்டன. இதே ஏலி தம் வீட்டில் வளர்ந்த புதல்வர் இருவரின் தீச்செயல்களைப் பற்றி மக்கள் வந்து சொல்லக் கேட்டார் என்று அடுத்த அதிகாரத்தில் வாசிக்கிறோம். அயலாளின் உதட்டை வாசிப்பது அத்துணை எளிது. சொந்த வீட்டு முகங்களை வாசிப்பது அத்துணை எளிதன்று.

எனக்கும் ஒரு சீலோ உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடலோரப் பங்கொன்றில் பணியாற்றிய காலம். திருவிழா நவநாட்கள் நடந்துகொண்டிருந்தன. அன்பியங்களிலிருந்து ஒலிபெருக்கிச் செலவுக்காகச் சேர்த்துத் தரப்பட்ட 4,500 ரூபாவை ஒரு கடித உறையிலிட்டு, பீடத்தின் பின்னறை மேசை இழுப்பறையில் வைத்ததாக எனக்கு நினைவு. மாலைத் திருப்பலி முடிந்து பார்த்தபோது உறையைக் காணவில்லை. இடையில் அந்த அறைக்குத் தனியே சென்று வந்தவன் பீடப்பணியாளனான பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். அவனை அறைவீட்டுக்கு அழைத்தேன். “தம்பி, மேசை லாச்சியைத் திறந்தனீரா?” என்று கேட்டேன். “இல்லை, பாதர்” என்றான். குரல் தொண்டைக்குள்ளேயே நின்றது. தலை கவிழ்ந்திருந்தது. கால் பெருவிரல் சீமெந்துத் தரையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. “என்னைப் பார்த்துச் சொல்லும்” என்றேன். அவன் பார்க்கவில்லை.

எனக்கு அது போதுமாக இருந்தது. குருமடத்தில் மெய்யியலும் உளவியலும் கற்றவன் அல்லவா! நான் அவனை அடிக்கவில்லை, பெற்றோரிடம் முறையிடவில்லை, பிரசங்கத்தில் சாடையாகச் சொல்லவும் இல்லை. திருவிழா முடியும்வரை பீடத்துக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதை இரக்கமென்றே அன்று நினைத்தேன். ஒரு சிற்றூரில் அதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளை அங்கி அணியாமல் அவன் வாங்கிலில் அமர்ந்திருந்த முதல் மாலையிலேயே ஊர் முழுவதும் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. திருச்சொரூபப் பவனியன்று அவன் கோவிலுக்கே வரவில்லை.

பவனி முடிந்து நான்காம் நாள், திருமண அறிவித்தல் ஒன்றை எழுதுவதற்காகப் பதிவேட்டைத் திறந்தேன். உறை அதனுள் இருந்தது. வைத்தவன் நானே.

இந்த நிகழ்வுக்குப் பின்னரே இதுபற்றி ஆய்வாளர் என்ன சொல்கிறார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தபோது என் கர்வம் மேலும் குறைந்தது. அமெரிக்க உளவியலாளர்களான சார்ள்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ ஆகிய இருவரும் அதுவரை நடைபெற்ற இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2006 ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். அவ்வாய்வுகளில் 24,000 இற்கும் அதிகமானோர் பிறர் பேசுவதைக் கண்டும் கேட்டும் இது மெய், இது பொய் என்று தீர்ப்பிட்டிருந்தனர். அவர்களது தீர்ப்பு சராசரியாக நூற்றுக்கு 54 தடவைகளே சரியாக இருந்தது. ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்ப்பிட்டால் 50 தடவைகள் சரியாக இருக்கும். நம் கூரிய பார்வையால் நாம் ஈட்டும் இலாபம் நூற்றுக்கு நான்கு!

அதே ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வு 75 நாடுகளில் நடத்தப்பட்டது. பொய்யரை எவ்வாறு இனங்காண்பீர்கள் என்று கேட்டபோது, உலகெங்கும் மக்கள் முதன்மையாகச் சொன்ன விடை, பொய்யர் கண்ணைப் பார்க்க மாட்டார் என்பதே. மொழியும் மதமும் வேறான மக்கள் இதில் வியக்கத்தக்கவாறு ஒன்றுபட்டிருக்கிறார்கள். ஆனால் பொய்யின் அடையாளங்களாகக் கருதப்பட்ட 158 குறிகளை டிபோலோவும் துணை ஆய்வாளர்களும் 2003 இல் அளந்து பார்த்தபோது, கண் விலகுவதற்கும் பொய் சொல்வதற்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. ஏனைய குறிகளுள்ளும் பெரும்பாலானவை மிக மெலிந்தவையே. பொய் சொன்னதும் நீளும் மூக்கு சிறுவர் கதையில் வரும் மரப்பொம்மைக்கு மட்டுமே வாய்த்தது.

பயிற்சி பெற்றவர்களுக்கு இது கைகூடும் என்று நாம் நினைக்கலாம். 1991 இல் போல் எக்மன், மொரீன் ஓ’சலிவன் ஆகியோர் பொலிசார், நீதிபதிகள், மனநல மருத்துவர்கள் எனப் பல துறையினரைச் சோதித்தபோது, அமெரிக்க அரசுத் தலைவரைக் காக்கும் இரகசியச் சேவையினர் மட்டுமே தற்செயலை விஞ்சினர். அதே அமெரிக்காவில், விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையையும் முகத்தையும் நோக்கி ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்க 2007 முதல் ஒரு திட்டம் செயற்பட்டது. ஏறத்தாழ 90 கோடி டொலர் செலவானது. 2013 இல் அரசின் கணக்காய்வு அமைப்பு இத்திட்டத்தை ஆராய்ந்து, அத்தகைய குறிகளால் ஆபத்தானவரை இனங்காண முடியும் என்பதற்குத் தக்க சான்று இல்லையென்று அறிக்கையிட்டது. செல்வந்த நாடொன்று அத்தனை பணத்தையும் ஆட்களையும் கொண்டு செய்ய முடியாததை, நாம் குசினி வாசலில் நின்றவாறு ஒரு நொடியில் செய்துவிட்டதாக நம்புகிறோம்.

பிழை எங்கே நேர்கிறது? முன்னாளில் கீழைத்தேயங்களில் ஒரு சோதனை இருந்ததாகக் கூறுவர். குற்றம் சாட்டப்பட்டவர் வாயில் உலர்ந்த அரிசியை இட்டு மெல்லச் சொல்வார்கள். துப்பும்போது அரிசி உலர்ந்தே இருந்தால் அவர் குற்றவாளி. பொய் சொல்பவனுக்கு அச்சத்தால் வாய் வறளும் என்பது அதன் தருக்கம். அச்சத்தால் வாய் வறளும் என்பது மெய்தான். ஆனால் அச்சம் பொய்யனுக்கு மட்டும் சொந்தமானதா? தாம் நம்பப்பட மாட்டோம் என்று அஞ்சுகின்ற குற்றமற்றவரின் வாயும் அதேயளவு வறளும். இன்றைய பொய்யறி கருவி மூச்சையும் நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளக்கிறது. அடிப்படையில் அதுவும் அரிசிச் சோதனையின் பேரப்பிள்ளையே.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஒத்தெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகிக்கிறான். அவள் கள்ள உறவு கொண்டதாக அவன் நம்பும் ஆடவன் இறந்துவிட்டான் என்று சொன்னதும் அவள் அழுகிறாள். தன் குற்றமின்மைக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டதே என்ற திகில் அவளுக்கு. அந்தக் கண்ணீரையே அவன் காதலின் சான்றாக வாசித்து அவளைக் கொன்றுவிடுகிறான். அச்சத்தைக் குற்றமாக வாசிக்கும் இப்பிழைக்கு எக்மன் 1985 இல் வெளியிட்ட நூலில் “ஒத்தெல்லோவின் தவறு” என்றே பெயரிட்டார்.

அத்தவறை விளங்கிக்கொள்ள நமக்கு நாடகம் தேவையில்லை. போர்க்காலத்தில் வாழ்ந்த நம்மில் யார் சோதனைச்சாவடி வரிசையில் நடுங்காதவர்? குருமட மாணவனாக இருந்தபோது, பேருந்திலிருந்து இறங்கி நீண்ட வரிசையில் நின்றேன். பையில் செப நூலும் இரண்டு சேட்டுகளும் மட்டுமே இருந்தன. அடையாள அட்டையை நீட்டியபோது கை நடுங்கியது. ஏன் நடுங்குகிறது என்று கடமையிலிருந்த இளைஞர் அரைகுறைத் தமிழில் கேட்டார். “பயம், ஐயா” என்றேன். அவர் என் வயதை ஒத்தவர். துப்பாக்கியின் மேலிருந்த அவருடைய விரல்களும் நிலைகொள்ளாமலே இருந்தன. என்னைப் போகவிட்டார். எல்லாரையும் எல்லாரும் அப்படிப் போகவிட்ட காலம் அல்ல அது. நடுங்கியதால் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் அன்னையர் இதை வாசிக்கிறார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

கடல் கடந்து புகலிடம் கேட்டுச் சென்ற நம்மவர்களும் இதே வாசிப்புக்கு ஆளாகியிருக்கிறார்கள். அதிகாரி முன் குனிந்திருப்பது மரியாதை என்று கற்று வளர்ந்தவர், அந்நிய நாட்டு அதிகாரியின் கண்ணுக்கு எதையோ மறைப்பவராகத் தெரியக்கூடும். பட்டதைச் சொல்லும்போது அழாமல் கல்லாக இருப்பவர் கதை புனைபவராகத் தோன்றக்கூடும். ஒருவர் அமர்ந்து பேசும் பாங்கைக் கொண்டு அவரது கூற்றின் நம்பகத்தன்மையை எடைபோடுவது உறுதியற்ற வழி என்று ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் 2013 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை எச்சரித்துள்ளது. அங்கே நம்மவர்களுக்கு அந்த நீதி கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதே நீதியை நம் வீட்டுப் பிள்ளைக்கும், வேலைக்கு வரும் பெண்ணுக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும் வழங்குகிறோமா?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். குற்றமற்ற முகம் நடுங்குவது போலவே, குற்றமுள்ள முகம் அமைதியாகவும் இருக்கும். இறுதி இராவுணவு மேசையை நினைத்துப் பாருங்கள். தம்முள் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் சொன்னதும், யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று யோவான் எழுதுகிறார் (13:22). ஒரே பாத்திரத்தில் உண்டு, ஒரே வழியில் நடந்து, ஒரே படகில் அலைக்கழிந்தவர்கள். அவர்களுள் ஒருவராலும் யூதாசின் முகத்தை வாசிக்க முடியவில்லை! மத்தேயு நற்செய்தியில் நிலைமை இன்னும் வியப்புக்குரியது: ஒவ்வொருவரும் அது நானோ என்று துயரத்துடன் கேட்கிறார்கள். அந்நேரத்தில் முகம் கலங்கியிருந்தவர்கள் குற்றமற்ற பதினொருவர். யூதாசு எழுந்து வெளியே சென்றபோதுகூட, விழாவுக்கு எதையோ வாங்கப் போகிறான் அல்லது ஏழைகளுக்குக் கொடுக்கப் போகிறான் என்றே சிலர் எண்ணினார்கள். பின்னர் தோட்டத்தில் அவன் தெரிந்தெடுத்த அடையாளம் முத்தம். உடல்மொழியிலேயே மிகக் கனிந்த சொல் அது.

முதிர்ந்த வயதில் பார்வை மங்கிய ஈசாக்கும் இப்படியே ஏமாந்தார். குரல் இளையவனுடையது என்று அவர் காது சரியாகச் சொல்லியும், ஆட்டுத்தோல் போர்த்திய கைகளைத் தடவிப் பார்த்து, ஆடையின் மணத்தை முகர்ந்து, யாக்கோபை ஏசாவென்று நம்பினார். குறிகளைத் தேடுபவனுக்கு வேண்டிய குறிகளைத் தயாரித்துக் கொடுப்பது பொய்யனுக்குக் கடினமன்று.

அப்படியானால் உண்மையைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் அதற்கு ஓர் அழகிய அதிகாரமே உண்டு. தானியேல் நூலின் 13 ஆம் அதிகாரத்தில் சூசன்னா மீது மூப்பர் இருவர் பொய்க்குற்றம் சுமத்துகிறார்கள். அவள் அழுதவாறு விண்ணை நோக்குகிறாள். மூப்பர்களோ தளர்வின்றிச் சான்று பகர்கிறார்கள். மக்கள் அவர்களை நம்பி அவளுக்குச் சாவுத் தீர்ப்பளிக்கிறார்கள், ஏனெனில் அவர்கள் மூப்பர்களும் நீதிபதிகளும் ஆவர். அப்போது எழுந்த இளைஞர் தானியேல் யாருடைய முகத்தையும் ஆராயவில்லை. இருவரையும் ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்து நிறுத்தச் சொன்னார். அவர்களை எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று தனித்தனியே கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி. சரிபார்க்கக்கூடிய ஒரு விவரம். ஓர் உயிர் தப்பியது.

பேச்சின் விவரங்களை வெளியே உள்ள சான்றுகளோடு ஒப்பிடுவதே முகத்தை ஆராய்வதைவிடப் பயன்தரும் என்று இன்றைய ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். தானியேல் அதைத் தொன்மைக் காலத்திலேயே செய்து காட்டினார். நான் அன்று அந்தச் சிறுவனின் தலையைப் பார்த்த நேரத்தில் என் மேசையையும் பதிவேடுகளையும் ஒழுங்காகத் தேடியிருந்தால் போதும். தேடுவதற்குச் சோம்பல் பட்டவனுக்கு முகம் வாசிப்பது வசதியான குறுக்குவழி.

இது வெறும் அறிவுத் தவறு அன்று, பாவமும் ஆகலாம் என்பதைத் திருச்சபையின் போதனை தெளிவாகக் கூறுகிறது. எட்டாம் கட்டளை நாம் சொல்லும் பொய்யை மட்டும் தடுக்கவில்லை. போதிய ஆதாரமின்றி அயலாரிடம் ஒழுக்கக் குறைவு உண்டென்று, உள்ளத்துக்குள்ளேயே என்றாலும், ஏற்றுக்கொள்பவர் அவசரத் தீர்ப்பு என்னும் குற்றத்துக்கு ஆளாகிறார் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477 ஆம் பத்தியில் போதிக்கிறது. பிறர் நாவினால் பொய்ச்சான்று சொன்னால் கொதித்தெழுகிறோம். நம் கண்கள் நமக்குள்ளே சொல்லும் பொய்ச்சான்றை விசாரிப்பதில்லை.

புனித தோமா அக்குவினாஸ் தம் பெரும் இறையியல் நூலில், இரண்டாம் பாகத்தின் பிற்பகுதியில், 60 ஆவது வினாவில் இதை எடுத்து ஆராய்கிறார். ஐயத்துக்குரியவற்றை நல்ல பொருளிலேயே கொள்ள வேண்டுமா என்பது கேள்வி. அப்படிச் செய்தால் அடிக்கடி ஏமாந்துபோவோமே என்ற மறுப்பை அவரே எழுப்புகிறார். தீயவர் ஒருவரை நல்லவரென்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவர் ஒருவரைத் தீயவரென்று எண்ணிச் சிலமுறை தவறுவதை விட மேலானது என்பது அவரது விடை. பின்னதில் ஒருவருக்கு அநீதி இழைக்கப்படுகிறது, முன்னதில் அப்படி இல்லை. குருமடத்தில் இதைப் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் பெற்றேன். அறைவீட்டில் அந்தச் சிறுவன் முன் அது நினைவுக்கு வரவில்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும்போது இன்று இன்னொன்றையும் எண்ணிக்கொள்கிறேன். குருவுக்கும் ஒப்புரவாகுபவருக்கும் நடுவே தட்டி இருக்க வேண்டுமென 16 ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்ள்ஸ் பொரோமியோ வற்புறுத்தினார். இன்றைய திருச்சபைச் சட்டமும் 964 ஆம் இலக்கத்தில் அத்தகைய இடம் இருக்க வேண்டுமென்கிறது. அது ஏற்பட்டதன் காரணங்கள் வேறு. ஆயினும் அதனால் விளைந்த நன்மையைப் பாருங்கள்: மனிதன் மிக ஆழமான உண்மையைப் பேசும் இடத்தில் அவன் முகம் யாருக்கும் தெரிவதில்லை. ஒப்புரவாகுபவர் தமக்குச் சார்பாகச் சொன்னாலும் எதிராகச் சொன்னாலும் அவர் சொல்லை நம்பு என்பது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பழைய நெறி. அங்கே எவரையும் நிமிர்ந்து பார்க்கும்படி நான் கேட்பதில்லை. கேட்காத அந்த இடத்தில்தான் மக்கள் உண்மை பேசுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என் பிள்ளையை நான் பெற்றவள், அவன் முகம் எனக்குத் தெரியாதா என்று தாய்மார் சொல்வதுண்டு. 2015 இல் வெளியான ஓர் ஆய்வில் பெற்றோர் தம் சொந்தப் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிப்பதில் தற்செயலை விஞ்சவில்லை என்று காணப்பட்டது. இதைவிடக் கவலை தருவது 2011 இல் வெளியான மற்றோர் ஆய்வு. மேற்கு ஆபிரிக்காவில் இரு பாடசாலைகளின் சிறு பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் பிரம்படி வழக்கம், மற்றதில் இல்லை. அடிக்கும் பாடசாலைப் பிள்ளைகளே அதிகமாகப் பொய் சொன்னார்கள். அதோடு, சொன்ன பொய்யைக் குலையாமல் காப்பதிலும் அவர்களே தேர்ந்தவர்களாக இருந்தார்கள். அச்சம் பொய்யை ஒழிக்கவில்லை. அதற்குப் பயிற்சி கொடுத்தது. “பார்த்துச் சொல்லு” என்று நாடியைப் பிடித்து நிமிர்த்தும் கையில் பிரம்பும் இருந்தால், அந்தப் பிள்ளை விரைவிலேயே இமைக்காமல் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்ளும். அதை நேர்மையென்று நாமும் மெச்சிக்கொள்வோம்.

கணவன் மனைவியரிடையே இது இன்னும் கொடிது. தொலைபேசி மணி ஒலித்தபோது முகம் மாறியது, பெயர் சொன்னபோது பார்வை விலகியது என்று தொடங்கிய சந்தேகங்கள் சிதைத்த குடும்பங்களைப் பங்குப் பணியில் கண்டிருக்கிறேன். சிலவற்றில் சந்தேகம் மெய்யாகவும் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மெய்யும் முகத்தால் வெளிப்பட்டதன்று, ஒருநாள் ஒருவர் வாய்திறந்து சொன்னதால் வெளிப்பட்டது.

முகத்தைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற பெயரில் ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் வகுத்தவர். அவர் வகுத்தது வீணன்று. முகம் துயரத்தைச் சொல்லும், பசியைச் சொல்லும், பயத்தைச் சொல்லும். காரணத்தை மட்டும் சொல்லாது. அதை வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். தொடக்கநூல் 40 ஆம் அதிகாரத்தில் சிறையிலிருந்த யோசேப்பு காலையில் உடன்கைதிகள் இருவரின் முகம் வாடியிருக்கக் காண்கிறார். அவர் அவர்களைச் சந்தேகிக்கவில்லை. இன்று ஏன் முகவாட்டம் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்தே கனவுகள் வெளிவந்தன. காலப்போக்கில் அவரது விடுதலையும் வந்தது. இத்தனைக்கும் கையில் அகப்பட்ட மேலாடை ஒன்றைச் சான்றாகக் கொண்டு சிறையிடப்பட்டவர் அவர். அன்னாவிடம் ஏலியும் முதலில் யோசேப்பைப் போலக் கேட்டிருக்கலாம். பிந்தியேனும் அவள் மறுமொழியைக் காதுகொடுத்துக் கேட்டார், தம் சொல்லை மாற்றினார், ஆசி கூறி அனுப்பினார். அந்த ஒன்றுக்காக ஏலியை நான் நேசிக்கிறேன். சாமுவேல் பால்மறந்த பின் அன்னா பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைத்தது, தன்னைக் குடிகாரி என்று நினைத்த அதே குருவின் கையில்.

உறை அகப்பட்ட அன்று மாலை அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். தகப்பன் தொழிலுக்குப் போயிருந்தார். அம்மம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். பணம் என் பதிவேட்டுக்குள்ளேயே இருந்ததையும், பிழை என்னுடையது என்பதையும் சொல்லி, பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். ஞாயிறு திருப்பலியில் மக்கள் முன் இதைச் சொல்வேன் என்றும் சொன்னேன், சொன்னபடியே செய்தேன். அந்த முதியவளுக்கு என் மேல் கோபம் இல்லை. அதுவே எனக்குக் கனமாக இருந்தது. “பெரியாக்கள் கதைக்கேக்க நிமிர்ந்து பார்க்கக்கூடாதெண்டு நான்தான் பாதர் சொல்லி வளர்த்தனான்” என்றார்.

சிறுவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த ஞாயிறு பீடத்துக்கு வருவீரா என்று கேட்டேன். அப்போதும் அவன் தலை கவிழ்ந்தே இருந்தது. கால் பெருவிரல் மண்ணில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. “ஓம், பாதர்” என்றான்.

வந்தான்.